அறுத்தாச்சு என்றாள் ஆத்தா

போன வாரம் ஒரு வாரப் பத்திரிகையில் கழுத்தில் தொங்கும் தோலை இழுத்துத் தைத்துக்கொள்ளும் ஆபரேஷனைப் பற்றி இரண்டு பக்கத்துக்குக் கேள்வி பதில் போட்டிருந்தார்கள். வலிக்குமா, வீக்கம் எத்தனை நாள் இருக்கும், தையல் எப்போது பிரிப்பார்கள், எப்போது வெளியே நடமாடலாம் என்று யாரோ கேட்க, ஒரு டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது. அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. வீக்கம், தையல், மல்லாந்து படுப்பது, தலையைக் குனியாமல் இருப்பது எல்லாம் நானும் பட்டதுதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி பஸ்ஸில் ஏறின பிறகு என்ன நடக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஆபரேஷன் அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு அறுத்தது கழுத்தில் அல்ல, காதில். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் அப்போது பெண்களுக்குக் காது வளர்ப்பார்கள். வளர்ப்பது என்றுதான் சொல்வோம், பிள்ளை வளர்க்கிற மாதிரி, மாடு வளர்க்கிற மாதிரி. கைப்பிள்ளையாக இருக்கும்போதே காது மடலைக் கீறி, பஞ்சைத் திரித்து ஓட்டையில் சொருகுவார்கள். புண் ஆற ஆறப் பஞ்சைத் தடிமனாக்குவார்கள். பிறகு குணுக்கு என்கிற ஈயக் கட்டியை மாட்டுவார்கள். கனத்தில் காது இறங்க இறங்க இன்னொரு குணுக்கைச் சேர்ப்பார்கள். ஏழெட்டு வயதில் காது தோளைத் தொடும். அதற்குள் எத்தனை தரம் சீழ் வைத்து, எத்தனை தரம் ஈ மொய்த்திருக்கும் என்று கணக்கில்லை. ஆத்தா வேப்பெண்ணெய் தடவி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பாளாம்.

என் அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். அன்றைக்கே ஆத்தா தன் காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றிவிட்டாள். கனமான தங்க நகை அது, காதுக்கு இரண்டாக மாட்டுவது. கழற்றினதை எனக்கென்று எடுத்து வைத்து, அதற்குத் தோதாக என் காதை வளர்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது இரண்டும் வெறும் வளையமாகத் தொங்கும். கல்யாணமானவள் காது வெறுமையாக இருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூளி என்பார்கள். வேறு விளக்கம் யாரும் கேட்கமாட்டார்கள்.

பதினேழு வயதில் அந்தத் தண்டட்டியோடு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமியார் ஊர் எங்கள் ஊருக்கு இரண்டு மைல். பெண் பார்க்க வந்த அன்று மாமியார் என் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "நல்லா வளத்திருக்கீங்க" என்று ஆத்தாவை மெச்சினாள். மாப்பிள்ளை ஹைஸ்கூல் படித்து, மெட்ராஸில் ஒரு கம்பெனியில் பில் எழுதுகிற வேலையில் இருந்தார். கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் கிளம்பிப் போனவர், அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வருவார், ஐந்து நாள் இருப்பார். மூன்று பொங்கல் இப்படிப் போயிற்று. மூன்று தடவையும் நான் என் தகரப் பெட்டியை அடுக்கி வைத்து, அவர் போன பிறகு அவிழ்த்தேன். முதல் வருஷம் வீடு கிடைக்கவில்லை என்றார். இரண்டாம் வருஷம் வீடு கிடைத்திருக்கிறது, தண்ணீர் வசதி இல்லை என்றார். மூன்றாம் வருஷம்தான் வாயைத் திறந்தார். வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், என்னைப் பார்க்காமல் போரைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க ஒரே வீட்டுல ஆறு குடித்தனம். எல்லாப் பொம்பளைகளும் சின்னக் காதுல கம்மல் போட்டிருக்காங்க. நீ இப்படிக் குழாயடிக்கு வந்து நின்னா வேடிக்கை பாப்பாங்க. ஆபீஸுலேருந்து யாராச்சும் வந்தா நான் என்னன்னு சொல்றது? காத அறுத்துத் தச்சுக்க. இப்பல்லாம் ஆஸ்பத்திரியில செய்யிறாங்க. தச்சு முடிச்சுக் கடுதாசி போடு, வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அயித்தைக்கிட்ட நீங்க சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

"எங்க ஆத்தாக்கிட்ட இப்பச் சொல்லாத. நான் அப்புறமாச் சொல்லிக்கிறேன்."

கோபம் வராமலா இருக்கும், வந்தது. மூன்று வருஷமாக வீடும் தண்ணீரும் என்று சொன்னதெல்லாம் என் காதுதான் என்று தெரிந்தபோது அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. ஆனாலும் எனக்குப் போக வேண்டும். புருஷன் இல்லாமல் புருஷன் வீட்டு வேலையைச் செய்வது எப்படி இருக்கும் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். விடிந்தால் சாணி, பிறகு தண்ணீர், பிறகு களை, பிறகு புல்லுக்கட்டு, பிறகு இன்னொருத்தி அடுப்பில் இன்னொருத்தி சொல்லுகிற குழம்பு. மெட்ராஸைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. எனக்கென்று ஒரு அடுப்பு வேண்டும், அதில் எப்போது நெருப்பு மூட்டுவது என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அதற்குக் காதைக் கொடுக்க வேண்டும் என்றால் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தது. மூன்று வருஷத்தில் அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

மாமியாரிடம் ஆத்தாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லிவிட்டு எங்கள் ஊருக்கு வந்தேன். ஆத்தாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் புளி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு உருண்டையைப் பிடித்து வைத்துவிட்டு, இன்னொன்றையும் பிடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"புருஷன் கூப்புடுறான்ல, போகத்தானே வேணும். அறுத்துக்க."

சொல்லிவிட்டு அடுத்த உருண்டைக்குப் புளியை எடுத்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. மறுநாள் இரண்டு பேரும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். வெள்ளைச் சேலை, சின்னக் கண்ணாடி, அதிகம் பேசாத ஆள். என் காதை விரலால் தூக்கிப் பார்த்து, இந்த வாரத்தில் நீ நாலாவது ஆள் என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் ஒருத்தியுடைய புருஷனுக்கு மட்டும் வந்த வெட்கம் இல்லை போலிருக்கிறது.

என்ன எதிர்பார்க்கலாம் என்று யாராவது அன்று எனக்குச் சொல்லியிருந்தால், நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்பியிருப்பது சத்தத்தைத்தான். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த ஊசிதான் வலி. அதற்குப் பிறகு வலி கிடையாது. ஆனால் கையை அறுத்தாலும் வயிற்றை அறுத்தாலும் கேட்காத சத்தம் காதை அறுத்தால் கேட்கும். கத்தரிக்கோல் தோலை நறுக்குகிற சத்தம், வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி, தலைக்குள்ளேயே கேட்டது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை எப்படி மூடுவது, அதுதான் அவர்கள் கையில் இருக்கிறதே. பிறகு ஊசி நூல் இழுபடுகிற சரசரப்பு. ஒரு காது முடிந்ததும், இன்னொரு காதுக்கும் இதே சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று நினைத்தபோதுதான் எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. ஒரு காதோடு எங்கே ஓடுவது.

நர்ஸ் ஒரு எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்றிருந்த ஆத்தா அவளை மறித்து, "அதக் குடுங்க தாயி" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"எதம்மா?"

"அறுத்தத."

"அதெல்லாம் குடுக்குறதில்லம்மா. நீ வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற?"

"வளத்தது நானு" என்றாள் ஆத்தா.

நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆத்தா அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. நான் அவளோடு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு வாயைத் திறந்தால் தையல் இழுத்தது, அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

எட்டு நாள் அங்கேயே கிடந்தோம். இரண்டு பக்கமும் கட்டு, அதனால் மல்லாந்துதான் படுக்கலாம். வீக்கம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஐந்தாம் நாள் இறங்கியது. அரிப்பு அதற்குப் பிறகு வந்தது, வலியைவிட அது மோசம். எல்லாவற்றையும்விட விநோதமாக இருந்தது கழுத்து. அவ்வளவு வருஷம் குணுக்கும் தண்டட்டியும் ஆடாமல் இருக்கக் கழுத்தை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு நடந்து பழகியிருந்தேன். கனம் போன பிறகு கழுத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை தானாக அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பியது, நரம்பெல்லாம் வலித்தது. குனிந்தால் காதைப் பிடித்துக்கொள்ளக் கை தானாக மேலே போகும், பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. எட்டாம் நாள் தையல் பிரித்த பிறகு டாக்டர் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தார். யாரோ ஒரு டீச்சர் மாதிரி இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். புதுப்புண் என்று சொல்லி ஒரு சின்னக் கட்டை மறுபடி போட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஆறு மாசத்துக்கு இந்தக் காதுல ஒரு ஊசி படக்கூடாது. கம்மல், தோடு, வேப்பங்குச்சி எதுவும் கூடாது. தையல் உள்ளுக்குள்ள ஒட்டணும். ஆறு மாசம் கழிச்சு இங்க வா, நானே குத்தி விடுறேன்."

தலையாட்டினோம். ஆறு மாசம் கல்யாணமான ஒருத்தி வெறும் காதோடு ஊருக்குள் எப்படி நடமாடுவாள் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை.

ஆலங்குடியில் இறங்கி கீரமங்கலம் பஸ்ஸுக்கு மாற வேண்டும். நாங்கள் இறங்கும்போது ஒரு பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நிற்கக்கூட இடம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் மாமியாரின் ஓரகத்தி, அதாவது என் சின்ன மாமியார், உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினாள். அவள் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் தண்டட்டி இல்லாமல், முகம் வீங்கி, காதுக் கட்டு மறையச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து நிற்கிறேன். பக்கத்தில் ஆத்தா, எட்டு நாள் தூங்காத கண்ணோடு, கையில் துணி மூட்டையோடு நிற்கிறாள்.

"என்ன சம்மந்தி, என்ன ஆச்சு புள்ளைக்கு?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

ஆத்தாவுக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி மறைத்து என்ன என்று நினைத்திருப்பாள்.

"அறுத்தாச்சு சம்மந்தி" என்றாள். "எல்லாம் முடிஞ்சு போச்சு. என்ன செய்யிறது, அவ தலையெழுத்து."

பஸ் புறப்பட்டுவிட்டது. சின்ன மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டே போனாள். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. எங்கள் பேச்சில் ஒரு பெண் அறுத்துவிட்டாள் என்றால் தாலியை அறுத்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அறுத்தவள் என்றே பெயர். ஆத்தா அந்தச் சொல்லோடு பல வருஷம் வாழ்ந்தவள். அவளுக்கே அன்று தோன்றவில்லை. காதைப் பற்றியே நினைத்து நினைத்து, அறுப்பது என்றால் காது ஒன்றுதான் என்று ஆகிவிட்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும்.

அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. இறங்கி எங்கள் ஊருக்கு நடக்கிற வழி மாமியார் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகும். ஊர் எல்லைக்கு வரும்போதே ஒப்பாரி கேட்டது. "யாரு வீட்டுலயோ எழவு போலருக்கு" என்றாள் ஆத்தா. இன்னும் கொஞ்சம் நடந்தோம். சத்தம் மாமியார் தெருவிலிருந்து வந்தது. இன்னும் நாலடி வைத்ததும், அது மாமியார் வீட்டிலிருந்தே வருகிறது என்று தெரிந்துவிட்டது. வாசலில் பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நடுவில் மாமியார் தலைவிரி கோலமாக, "மெட்ராஸுக்குப் போன மகனே" என்று மாரில் அடித்துக்கொள்கிறாள்.

எனக்கு என்ன தோன்றும், சொல்லுங்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளில் தந்தி வந்திருக்கிறது, அவர் போய்விட்டார். காதுக் கட்டோடு மண்ணில் விழுந்தேன். ஆத்தா மூட்டையைப் போட்டுவிட்டு அலறினாள். என்னைப் பார்த்ததும் அவர்கள் அழுகை இரண்டு மடங்காயிற்று, அவர்கள் அழுவதைப் பார்த்து எங்கள் அழுகை இரண்டு மடங்காயிற்று. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு அழுதோம். எப்படிச் செத்தார், எப்போது செத்தார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குத் தெரியும் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று நான் அழுத அழுகையில் பொய் இல்லை. வைக்கோல் போரைப் பார்த்துப் பேசின அந்த மனுஷனுக்காக அப்படி ஒரு அழுகை என்னிடம் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் சின்ன மாமியார்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆத்தாவிடம் கேட்டாள். "தந்தி ஒங்க ஊருக்கா வந்துச்சு?"

"எங்களுக்கு எந்தத் தந்தியும் வரலயே. இங்கதான வந்துச்சு?" என்றாள் ஆத்தா.

"நீங்கதான சொன்னீங்க, அறுத்தாச்சுன்னு?"

"காத அறுத்தாச்சுன்னு சொன்னேன்."

ஒப்பாரி ஒவ்வொரு வாயாக நின்றது. ஒரு கிழவி மட்டும் காது கேட்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுதுகொண்டிருந்தாள். மாமியார் எழுந்தாள், கூந்தலை முடிந்தாள், என் பக்கத்தில் வந்து கட்டை விலக்கிப் பார்த்தாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் ஒரு கணம் வந்தது, நான் பார்த்தேன். அது போன பிறகு வந்த கோபம் மூன்று மாசம் போகவில்லை.

"உசுரோட இருக்குற எம் மகனுக்கு என்னைய ஒப்பாரி வைக்க வச்சிட்டியே. புருஷன் இருக்கயில காத மூளியாக்கிட்டு வந்து நிக்கிறவ வீட்டுக்கு ஆகமாட்டா. காதுல தங்கம் ஏறுனப்பறம் வா. அதுவரைக்கும் ஒங்க ஆத்தா வீட்டுலயே இரு."

"ஒங்க மகன்தான் சொன்னாங்க" என்றேன்.

"எம் மகன் சொல்லுவான். ஒனக்குப் புத்தி எங்க போச்சு?"

காது நீளமாக இருந்தால் புருஷன் வீட்டுக்கு ஆகாது, வெறுமையாக இருந்தால் மாமியார் வீட்டுக்கு ஆகாது. ஆத்தா வீட்டில் உட்கார்ந்து ஆறு மாசத்தை எண்ணத் தொடங்கினேன். அவருக்கு, தைத்தாகிவிட்டது, ஆவணியில் வந்து கூட்டிப்போங்கள் என்று கடிதம் போட்டேன். நடந்ததையெல்லாம் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் முடிக்கவும் முடியாது, அவர் அம்மாவைப் பற்றி எழுதுவதாகவும் ஆகிவிடும்.

மூன்றாம் மாசம் அவரிடமிருந்து மாமியாருக்குக் கடிதம் வந்தது. பத்து நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை, கவலைப்பட வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். மறுநாள் காலையில் மாமியார் காது குத்துகிற ஆசாரியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் தன் அண்ணன் மகளிடம் இரவல் வாங்கின கல் வைத்த தோடு. அவள் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ இப்படி உக்காந்திருக்க, அங்க அவன் காய்ச்சல்ல கெடக்குறான். அன்னைக்கு நாம அழுதது அவன் தலையில விடிஞ்சிரும்னு எனக்குப் பக்குபக்குன்னு இருக்கு. என் வகுத்தெரிச்சலக் கொட்டிக்காத. போட்டுக்க."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஆறு மாசம், உள்ளே ஒட்ட வேண்டும், இன்னும் மூன்று மாசம்தான் என்றேன். அவள் கேட்டாள், கேட்டுவிட்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். ஆத்தா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று. அவள் புருஷனை இழந்தவள். வெறும் காதுக்கும் புருஷன் உயிருக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்.

எனக்கும் அந்தப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று மண்ணில் விழுந்து அழுதது நினைவுக்கு வந்தது. தலையை ஆசாரியிடம் நீட்டினேன். அவர் நல்ல மனுஷன், தையல் தழும்பைத் தொட்டுப் பார்த்துத் தயங்கினார். "இன்னுங் கொஞ்ச நாள் போகட்டுமே தாயி" என்றார். மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் குத்திவிட்டார். தோட்டைப் போட்டதும் மாமியார் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மெட்ராஸில் அவருக்குக் காய்ச்சல் ஏற்கெனவே விட்டிருந்தது, ஆனால் விட்டது தோட்டினால்தான் என்று ஆயிற்று.

இருபது நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் தலையிலிருந்த புல்லுக்கட்டைத் தொழுவத்தில் இறக்கும்போது கயிற்றுப் பிரி வலது காதுத் தோட்டில் மாட்டிக்கொண்டது. பெரிதாக இழுக்கக்கூட இல்லை. உள்ளே ஒட்டாத தையல், ஈரத் துணி கிழிகிற மாதிரி தழும்பு வழியாகவே பிரிந்துவிட்டது. தோடு சாணியில் விழுந்தது. ரத்தத்தைச் சேலையால் பிடித்துக்கொண்டு முதலில் தோட்டைத்தான் தேடினேன், இரவல் நகையாயிற்றே. ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகவில்லை. அந்த லேடி டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது. மஞ்சளை வைத்துக் கட்டினோம். புண் ஆறும்போது மடல் இரண்டு நுனியாக, மீன் வால் மாதிரி ஆறிவிட்டது. மாமியார் பார்த்துவிட்டு, "சரி விடு, ஒரு காதுலயாச்சும் தங்கம் கெடக்குல்ல" என்றாள். அவளுக்கு அது போதும். எனக்கு மெட்ராஸ் போயிற்று என்று தெரிந்துவிட்டது. தொழுவத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அதற்கும் நேரம் அதிகம் இல்லை, மாடு கத்தியது.

ஆவணி என்று எழுதியிருந்தேன். அவர் ஆடி மாசமே நாலு நாள் லீவில் வந்துவிட்டார். வந்த அன்று முழுக்க நான் அவருக்கு இடது பக்கத்தையே காட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினேன். சோறு போடும்போதும் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமாகத்தான் போட்டேன். அவர் இரண்டு மூன்று தடவை என் இடது காதைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கல்யாணமான நாலாம் வருஷத்தில் அவர் என்னைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நாளை எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. அதனால் சொல்லாமலே இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். கவனம் பிசகிவிட்டது. அவர் எந்தப் பக்கமாக வந்தார் என்று பார்க்கவில்லை.

"இங்கிட்டுத் திரும்பு" என்றார்.

திரும்பினேன். முறத்தைக் கீழே வைத்தேன். ஆசாரி வந்தது, புல்லுக்கட்டு மாட்டினது எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. ரொம்ப நேரமும் பார்க்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"சரி விடு, அழுவாத. மெட்ராஸுல முந்தானையக் கொஞ்சம் காதோட சேத்து இழுத்து விட்டுக்க. யாருக்குத் தெரியப்போகுது? பெட்டியக் கட்டு. நாளான்னைக்கு ரயிலு."

பெட்டியை இழுத்துப் போட்டு நாலாவது தடவையாக அடுக்கினேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஒரு அடுப்பு, ஆறு குடித்தனத்தில் ஒரு குடித்தனம். கை பாட்டுக்குச் சேலைகளை மடித்தது. மனசு மட்டும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு நகர மறுத்தது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நீளக் காதும் தெரிந்திருக்காது.

அதை நான் அவரிடம் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, மெட்ராஸில் இருந்த அத்தனை வருஷத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், தெரிந்திருக்காதுதான் என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டு அவருக்குச் சோறு பொங்கிப் போட எனக்குத் தெம்பு இருந்திருக்காது.